சர்க்கார் கொடுத்த வக்கீலும் நான் கொடுத்த பதிலும்

போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், சிப்பிகாட்டில் விவசாயப் பண்ணைக்குப் போகிற வழியில் ஓடைக்கு மேல் ஒரு கல்வெர்ட் இருக்கிறது. அது நான் கட்டியது. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்காக சிலோனிலிருந்து வந்த ஜனங்களுக்கு லைன் வீடுகள் போட்டார்களே, அதில் கடல் பக்கத்து வரிசை என்னுடையது. மரைன் ஹில் மேட்டில் மழைத்தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு போகாமல் நிற்கிற கல் சுவர் என்னுடையது. இரண்டு பள்ளிக்கூடங்களுக்குக் கூரை, ஒரு ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்த் தொட்டி, காட்டுக்குள் மரம் இழுக்கிற யானைகளுக்குக்கூடக் கொட்டகை போட்டிருக்கிறேன். செங்கல் லேசில் கிடைக்காத ஊர் அப்போது. சிமெண்டு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் என்றைக்கு வரும் என்று கப்பல் ஆபீசுக்கே தெரியாது. கல் உடைக்கக் கை, சுமக்கத் தலை, கடக்கப் படகு. இதை வைத்துக்கொண்டு கட்டினேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்த வருடம் கப்பலின் அடித்தட்டில் ஏறி இங்கே வந்தேன். இந்தி இங்கே வந்துதான் கற்றேன், வங்காளிகளோடும் தெலுங்கர்களோடும் ராஞ்சிக்காரர்களோடும் சண்டை போட்டுப் போட்டு. எனக்கு பிளான் படிக்கத் தெரியாது என்று எஞ்சினியர்கள் சிரிப்பார்கள். கட்டி முடித்த பிறகு வந்து டேப்பு பிடித்து அளப்பார்கள். அப்புறம் சிரிக்க மாட்டார்கள்.

இவற்றில் ஒன்றிலும் என் பெயர் கிடையாது. திறந்து வைத்த அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதற்காக நான் யாரிடமும் போய் நின்றதில்லை. ஆனால் கல்லும் சிமெண்டும் இல்லாமல் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. கச்சேரியில், ஜட்ஜ் முன்னால் செய்தது. அதை வேறொருவர் தன்னுடையது என்று மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வீட்டில் சாப்பிட்டவர். அதனால்தான் இந்த வயதில் எழுத உட்கார்ந்தேன்.

சிப்பிகாட் கல்வெர்ட் வேலை நடந்தபோது அங்கே சரியான ரோடு இல்லை. சாமான் எல்லாம் போர்ட் பிளேரிலிருந்து கடல் வழியாகப் போய் ஓடைக்குள் நுழைய வேண்டும். டுங்கி என்று இங்கே சொல்லுகிற மரப்படகில் சிமெண்டு மூட்டையும் கல்லும் ஏற்றி, அதன்மேல் கூலியாட்களை உட்கார வைத்து அனுப்புவோம். நான் மட்டும் இல்லை, தீவில் இருந்த அத்தனை டேக்கேதாரும் அப்படித்தான். டேக்கேதார் என்றால் காண்டிராக்டர். இங்கே தமிழனும் அப்படித்தான் சொல்லுவான்.

படகை ஓட்டுகிறவனுக்குத் தண்டல் என்று பெயர். என்னுடைய பெரிய டுங்கிக்குத் தண்டலாக இருந்தவன் என் பக்கத்து ஊர்க்காரன். நானும் அவனும் ஒரே கப்பலில் வந்தோம். அடித்தட்டில் நான் வாந்தி எடுத்தால் அவன் வாரிக் கொட்டுவான், அவன் எடுத்தால் நான். கரை இறங்கிய பிறகு நான் டேக்கேதார் ஆனேன், அவன் என் தண்டல் ஆனான். அதில் அவனுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 'டேய்' என்று நான் கூப்பிடுவேன். 'மொதலாளி' என்று அவன் கூப்பிடுவான், அதில் கொஞ்சம் கிண்டலும் இருக்கும்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அந்த டுங்கி ஓடை வாய்க்கு வெளியே கவிழ்ந்தது. ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கென்று கூட்டிவந்த ஜனம் இங்கே நிறைய உண்டு. அவர்களில் இரண்டு பேர் என்னிடம் கூலிக்கு இருந்தவர்கள், மூழ்கிப்போனார்கள். தண்டல் நீந்தினான். நீந்திக் கரையேறியவன் திரும்பவும் தண்ணீருக்குள் போய் மூன்றாவது ஆளின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். இழுத்து வந்தவனைத்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆள் சாகும் என்று தெரிந்தே படகை எடுத்தான் என்று பெரிய செக்‌ஷன் போட்டார்கள். வருஷக்கணக்கில் உள்ளே போக வேண்டிய செக்‌ஷன்.

தாணாவில் சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். இந்தியில்தான் பேசினார்.

"டேக்கேதார் சாப், உங்களுக்கு எதுக்கு வம்பு? தண்டல் குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கேஸ் முடிஞ்சுது."

"அவன் குடிக்க மாட்டான். பீடிகூடப் புடிக்க மாட்டான்."

"அப்ப படகு எப்படிக் கவுந்துச்சு?"

"காத்து" என்றேன்.

"காத்த எந்த செக்‌ஷன்ல புடிக்கிறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒரு பொய்க்கு நான் உடன்படவில்லை என்பதை முதலில் இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது வக்கீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் என் வீட்டுப் பின்னறையில் ஒரு வாலிபர் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். வக்கீலுக்குப் படித்துவிட்டு, மெயின்லேண்டில் வக்கீல்கள் கூட்டம், தீவில் ஆள் இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கப்பல் ஏறியவர். வந்து பார்த்தால் இங்கே இருக்கிற கேஸ் எல்லாம் பழைய வக்கீல்கள் நாலைந்து பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் அவர் ஆஸ்தி. வாடகை வாங்கவில்லை நான். மூன்று வேளைச் சாப்பாடும் என் வீட்டில்தான். தமிழ்ப் பிள்ளை, படித்த பிள்ளை, நாலு பேர் முன்னால் நம் ஆள் என்று சொல்லிக்கொள்ள ஒரு வக்கீல் வேண்டாமா? மரைன் ஹில்லிலிருந்து கச்சேரிக்கு எந்தப் படிக்கட்டு வழியாக இறங்கினால் வேர்க்காது என்பதிலிருந்து, எந்தக் குமாஸ்தாவுக்கு 'நமஸ்தே', எவருக்கு 'சலாம்' என்பது வரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

தண்டலுக்கு வக்கீல் வைக்க வழி கிடையாது. நான் வைத்துக் கொடுக்கலாம் என்று பழைய வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, "படகு சொந்தக்காரனே வக்கீல் வச்சுக் குடுத்தா ஜட்ஜ் என்ன நினைப்பார்? ஒதுங்கி நில்லுங்க" என்று அனுப்பிவிட்டார். அப்போதுதான் என் வீட்டு வக்கீல் தம்பி ஒரு விஷயம் சொன்னார். பெரிய கேஸில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வைக்க வக்கில்லை என்றால் ஜட்ஜே கச்சேரியில் இருக்கிற வக்கீல்களில் ஒருவரை நியமிப்பாராம். செலவு சர்க்காருடையது. கொடுப்பது சொற்பம் என்பதால் பெரிய வக்கீல்கள் அந்த நேரம் பார்த்துக் குனிந்து பேப்பர் புரட்டுவார்களாம்.

"அப்ப நாளைக்கு ஜட்ஜ் கேக்கையில நீங்க எந்திரிச்சு நில்லுங்க தம்பி" என்றேன்.

"நானா அண்ணாச்சி? நான் இன்னும் ஒரு பெரிய கேஸ்கூட நடத்துனதில்ல."

"எவன்தான் வயித்துக்குள்ள இருக்கையிலயே நடத்துனான்? எந்திரிங்க."

மறுநாள் நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தண்டலைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். வக்கீல் உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினான். ஜட்ஜ் வக்கீல்கள் பக்கம் பார்த்தார். சொன்னது போலவே எல்லாத் தலையும் குனிந்தது. நம் ஆளும் குனிந்துகொண்டுதான் இருந்தார். நான் ஒரு இருமல் இருமினேன். திரும்பிப் பார்த்தார். எழுந்தார். அந்த இருமல் இல்லையென்றால் இன்றைக்கு இந்த வக்கீல் எங்கே?

இதில் நான் நினைத்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். நான் கண்டுபிடித்து, நான் சோறு போட்டு, நான் எழுப்பிவிட்ட வக்கீல் என்றால் என் ஆள்தானே? ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து வேலையில் விட்டால் அவன் விட்டவனுக்குத்தானே பதில் சொல்லுவான்? நான் பார்த்த உலகம் அப்படி. காற்றின்மேல் பழியைப் போட்டு இரண்டு பேரையும் கரை சேர்த்துவிடுவார் என்று இருந்தேன்.

அன்று சாயங்காலம் ஜெயிலுக்கு இரண்டு பேருமாகப் போனோம். தண்டல் இளைத்திருந்தான். வக்கீல் கேட்பதற்கெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"கெளம்புறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"சரக்கு ஏத்துனோம். கெளம்புனோம். காத்து வந்துச்சு. கவுந்துச்சு."

"யாரும் எதுவும் பேசிக்கிடலயா?"

"சரக்கு ஏத்துற எடத்துல என்னங்க பேசுவாக? ஏத்து, நகத்து, தள்ளு. அம்புட்டுத்தான்."

"வக்கீல் கேக்குறாருல்ல, வெவரமாச் சொல்லுடா" என்றேன் நான்.

"வெவரமாத்தான் சொல்றேன் மொதலாளி."

வக்கீல் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "அண்ணாச்சி, நீங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க" என்றார்.

என்னை. என் தண்டலிடம் பேச என்னை வெளியே நிற்கச் சொன்னார். வார்டர் பார்த்துக்கொண்டிருக்கிறான். நின்றேன். வெளியே வந்த பிறகு, "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "அவனும் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. ரொம்பப் பிரியம் உங்க மேல" என்றார்.

சாட்சி விசாரணை தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். வக்கீல் சாவகாசமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அண்ணாச்சி, படகு கெளம்பணும்னா யாரு உத்தரவு குடுக்கணும்? தண்டலா, நீங்களா?"

"என்ன தம்பி இப்பிடிக் கேட்டுப்புட்டீக? என் கையால கவுறு அவுக்காம ஒரு டுங்கி இந்தத் தொறைய விட்டுப் போனதில்ல. தண்டல் ஏறி உக்காந்துருப்பான், துடுப்புப் போடுறவன் துடுப்பும் கையுமா இருப்பான். நான் வரணும். நான் அவுக்கணும். காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட நாற்காலியில தூக்கிட்டு வரச் சொல்லி அவுத்துருக்கேன்."

"யாரு, இவுகளா?" என்றாள் என் மனைவி. "அந்தக் காய்ச்சல்ல ஒரு வாரம் கண்ணே தெறக்கல. டுங்கி எல்லாம் அதுபாட்டுக்குப் போயிட்டு வந்துச்சு. இன்னும் நல்லாவே போயிட்டு வந்துச்சு."

வக்கீல் சிரித்தார். நானும் சிரித்தேன். "மத்த டேக்கேதாருக்கும் இந்தப் பழக்கம் உண்டோ?" என்றார். "எவனுக்கும் கெடையாது. வேணும்னா எந்தக் கூலியாளையும் கேட்டுப் பாருங்க" என்றேன். கேட்டிருக்கிறார். பிறகு தெரிந்துகொண்டேன்.

விசாரணை நாளில் போலீஸ் தரப்புச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். படகு என்னுடையது, தண்டல் இவன், போன நாள் இது, அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இந்தி எனக்குத் தெரியும், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று நானே ஜட்ஜிடம் சொன்னேன். அவர்கள் கேட்டு முடித்த பிறகு நம் வக்கீல் எழுந்தார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. காற்றைப் பற்றிக் கேட்பார், நன்றாக விவரிக்க வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. "சாட்சி சொல்லட்டும்" என்றார். முதல்நாள் ராத்திரிகூட என் வீட்டில் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கியவர்.

"தண்டலுக்குக் கூலி குடுக்கிறது யாரு?"

"நான்."

"என்ன ஏத்தணும்னு மேஸ்திரிக்குச் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்."

"உங்க துறையில ஒரு பழக்கம் இருக்காம். கட்டியிருக்கிற கயிறை யார் அவிழ்த்தா படகு கிளம்பும்? அதைக் கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

என் வீட்டில், என் இலையில் உட்கார்ந்து கேட்டதைக் கச்சேரியில் எடுத்து வைக்கிறார். போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து இதெல்லாம் கேஸுக்குச் சம்பந்தமில்லை என்றார். ஜட்ஜ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் கூலியாட்கள் பாதிப் பேர் கதவோரம் நின்றார்கள். ராஞ்சி ஆட்கள் ஒரு பக்கமாகத் தனியே நின்றார்கள்.

என் மனைவி அப்புறம் எத்தனையோ தடவை சொன்னாள், காய்ச்சல் கதையை அங்கே சொல்லியிருந்தால் போதுமே என்று. எப்போதும் அப்படி இல்லை, தண்டலே அவிழ்த்துக்கொண்டு போவதும் உண்டு என்று ஒரு வார்த்தை. பொய்யும் இல்லை. அது எனக்கு அங்கேயே ஞாபகம் வந்தது. வரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"என் கையால அவுக்காம எந்தப் படகும் போகாது" என்றேன். "அன்னைக்கும் நான்தான் அவுத்தேன்."

பெருமைக்குச் சொன்னான் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். அந்த இடத்தில் நின்றவனுக்குத் தெரியும்.

அதோடு உட்கார்ந்துவிடுவார் என்று பார்த்தேன். உட்காரவில்லை. கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்டார்.

"அவிழ்க்கிறதுக்கு முன்னாடி தண்டல் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

இந்தக் கேள்விதான். இதை எழுதுகிற இந்த நிமிஷமும் அந்தக் கூண்டுக் கட்டையின் வழவழப்பு என் கையில் இருக்கிறது. அன்று துறையில் தண்டல் என்னிடம் சொன்னதைக் கேட்டவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். மற்ற இரண்டு பேரும் படகின் முனையில் உட்கார்ந்திருந்த, மூழ்கிப்போன அந்த ராஞ்சி ஆட்கள். தண்டல் இழுத்து வந்த மூன்றாவது ஆள் அப்போது கரையில் மூட்டை எடுக்கப் போயிருந்தான். வேறு ஒரு சாட்சி கிடையாது. 'ஒண்ணும் சொல்லவில்லை' என்று நான் சொன்னால் அதை மறுத்துப் பேச உலகத்தில் ஒருவன்தான் உண்டு, அவனும் மறுக்க மாட்டான். எதிர்க் கூண்டில் நின்ற தண்டலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான். வேண்டாம் என்றான்.

"டேக்கேதார், சவால் சமஜ் மே ஆயா?" என்றார் ஜட்ஜ். கேள்வி புரிந்ததா என்று.

"ஆயா, ஹுஸூர்."

இந்தியில் சொன்னேன். அப்புறம் கதவோரம் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று யாரும் கேளாமலே தமிழிலும் சொன்னேன். "மேகாத்து கெளம்புது மொதலாளி, பாதி மூட்டைய எறக்கிருவோம்னு சொன்னான். கப்பல் சிமிட்டி மழையில கல்லாப் போயிரும், பயந்தாங்கொள்ளி, ஏறுடான்னு நான் சொன்னேன். ஏறுனான்."

வக்கீல், "வேற கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

தண்டலை விட்டுவிட்டார்கள். சரக்கைக் குறைக்கச் சொன்னவன், மேலே இருக்கிறவன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போனவன், அவன்மேல் இந்தக் குற்றம் நிற்காது என்று ஜட்ஜ் வாசித்தார். என்னைப் பற்றியும் நாலு வரி வாசித்தார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு உண்டானதை அனுபவித்துவிட்டேன். சர்க்கார் வேலை சில வருடம் எனக்குக் கிடைக்காமல் போயிற்று. சிப்பிகாட் கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரை வேறொருவன் வந்து முடித்தான், பார்த்தாலே தெரியும், கோணலாக இருக்கும். ராஞ்சி ஆட்கள் ஒருவர்கூட என்னிடம் திரும்ப வேலைக்கு வரவில்லை. கடைத்தெருவில் நான் போனால் பேச்சு நிற்கும். கட்சாலில் ஆள் போகப் பயந்த வேலை ஒன்று வந்ததால்தான் மறுபடி எழுந்தேன்.

தீர்ப்பு அன்று ஜீப் ஒன்று பேசிக் கச்சேரி வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன், தண்டலை வீட்டுக்குக் கூட்டிப்போக. என் மனைவி கோழி அடித்துச் சமைத்திருந்தாள். அவன் வெளியே வந்தான். வக்கீல் காலில் விழுந்தான். எழுந்து, என்னைத் தாண்டி, அவரோடு நடந்தே இறங்கிப் போனான்.

வக்கீல் தம்பி டிரங்குப் பெட்டியை எடுக்க மறுநாள் வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"என்ன தம்பி, யாரு வக்கீல் நீங்க?"

"அவனுக்கு வக்கீல், அண்ணாச்சி. சர்க்கார் என்னைய அவனுக்குத்தான் குடுத்துச்சு."

"சர்க்கார் குடுத்துச்சா? இருமி எழுப்புனது யாரு?"

"நீங்கதான். அதுக்காகத் தப்பான ஆளுக்கா வேல செய்ய முடியும்?"

"என்னைய மாட்டிவிட்டதுக்குக் கேக்கல. ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நாளைக்கு இப்பிடிக் கேப்பேன் அண்ணாச்சின்னு. ஒரே கூரைக்குக் கீழதான இருந்தோம்?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா நீங்க ராத்திரி பூரா யோசிச்சிருப்பிய. விடியும்போது வேற பதில் வந்திருக்கும். யாரா இருந்தாலும் அப்படித்தான் அண்ணாச்சி. அவன் பத்து வருசம் உள்ள போயிருப்பான்."

"நான் மாத்திச் சொல்லியிருப்பேன்ங்கிறீக."

"எனக்குத் தெரியாது. அவன் தலைய வச்சுப் பரீட்சை பாக்க முடியல."

என் மனைவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

துரோகம் என்று நான் சொல்லுவது இதைத்தான். கேள்வி கேட்டதை அல்ல. கூண்டில் ஏற்றியதைக்கூட அல்ல. அவருக்குச் சோறு போட்டவனை, ஒரு ராத்திரி யோசிக்க விட்டால் பொய் சொல்லிவிடுவான் என்று முடிவு செய்தாரே, அது. முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். இதை நிரூபிக்க எனக்கு இனி வழி கிடையாது. அந்த வழியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வருடம் கழித்துக் கட்சாலில் லைன் வீட்டு வேலைக்குப் போனபோது தண்டலைப் பார்த்தேன். சர்க்கார் படகில் வேலை. என் சாமானை அவன்தான் இறக்கினான். கடைசிப் பெட்டியைக் கரையில் வைத்த பிறகு நானே பேச்சுக் கொடுத்தேன்.

"ஏன்டா, விட்டு வந்தபெறகு ஒருதடவ வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தியா? நான் சொன்னதாலதான் வெளிய வந்த."

"ஆமா மொதலாளி. நீங்க சொன்னதாலதான்." கையைத் துடைத்துக்கொண்டான். "ஒங்க பேர நான் சொல்லிறக் கூடாதுன்னு அந்த வக்கீலுகிட்டகூட வாயத் தெறக்கல. மாசக்கணக்கா உள்ள கெடந்தேன். தெனமும் நெனப்பேன், இன்னைக்கு மொதலாளி தாணாவுக்குப் போயிச் சொல்லிருவாகன்னு. ஒருத்தன் கேக்குற வரைக்கும் நீங்க சொல்லலயே."

"என்னைய யாரும் கேக்கலயேடா."

"கேக்கல" என்றான். "சரி, வாங்க, வழுக்கும், பாத்து எறங்குங்க." அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

எனக்கும் பதில் இருந்தது. அவனுக்காக வக்கீல் தேடி அலைந்தது யார், இருமியது யார், அவனுக்கு எதிராகச் சொல்லச் சொல்லிக் கொடுத்த டீயை வைத்துவிட்டு வந்தது யார் என்றெல்லாம் கேட்டிருக்கலாம். அவன் அடுத்த படகின் சரக்குக்குப் போய்விட்டான்.

இப்போது சமீபத்தில் நடந்ததற்கு வருகிறேன். அந்த வக்கீல் பெரிய வக்கீல் ஆகி, தலை நரைத்து, ஏழைகளுக்கு வாதாடியவர் என்று அவருக்கு ஊரில் விழா எடுத்தார்கள். எனக்கும் அழைப்புப் பத்திரிகை வந்தது, பழைய ஆள் என்று. போனேன். முன்வரிசையில் இடம் இல்லை, நடுவில் உட்கார்ந்தேன். மேடையில் பேசியவர்கள் எல்லாரும் அந்த டுங்கி கேஸைச் சொன்னார்கள். சர்க்கார் கொடுத்த முதல் கேஸ், ஒரே ஒரு கேள்வி, ஒரு ஏழைத் தண்டலின் உயிர் என்று. கேட்டவர்கள் கை தட்டினார்கள். பிறகு அவரே எழுந்து பேசினார். துறையில் கயிறு அவிழ்க்கிற வழக்கத்தைத் தான் 'விசாரித்துக் கண்டுபிடித்த' விதத்தைச் சொன்னார். படகின் சொந்தக்காரர் 'வேறு வழியில்லாமல் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று' என்றார். நான் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியும். இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, சாப்பிட்டியளா?" என்று கேட்டார்.

வேறு வழியில்லாமலா? எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்றை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். இன்னொன்றைக் கூண்டிலிருந்தவனே தலையசைத்துக் காட்டினான். இரண்டையும் விட்டேன். அதற்கு ஜட்ஜ் சாட்சி, அந்தக் கதவோரம் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் சாட்சி. அவர் கேட்டது நல்ல கேள்வி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஒரு காகிதம் இல்லை, ஒரு ஆள் இல்லை. நான் வாயை மூடியிருந்தால் அவருடைய முதல் கேஸ் தோற்ற கேஸ்.

ஆகவே விழா நடத்தியவர்களுக்கும், அந்த வக்கீலுக்கும், இனிமேல் அந்தக் கதையைச் சொல்லப் போகிற எல்லாருக்கும் சொல்லிக்கொள்கிறேன். 'வேறு வழியில்லாமல்' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். தண்டல் வெளியே வந்தது ஒரு கேள்வியாலும் ஒரு பதிலாலும் என்று சொல்லுங்கள். பதில் சொன்னவன் யார் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த மேடையிலேயே சொல்லுங்கள், நான் கேட்கும்படி.